பத்து லட்சம் பவுண்டு உடம்பு

கால்பந்தில் சில ஆட்டக்காரர்களுக்கு ஊர் கிடையாது. ஒரு சீசன் இங்கே, அரை சீசன் அங்கே, ரெண்டு மேட்சுக்கு இன்னொரு கிளப் என்று பையைத் தூக்கிக்கிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். காசுக்கு ஆடுறவன், ஓரிடத்தில் நிலைக்காதவன் என்று அவர்களுக்குச் சுலபமாகப் பேர் வைத்துவிடலாம். ஆனால் இருக்க இடம் கிடைத்தவன் ஏன் கிளம்பப் போகிறான்? ஜஸ்டின் ஃபஷானு என்ற கறுப்பின ஃபார்வர்டு சுமார் இருபது கிளப்புகளுக்கு ஆடினார். எங்கே எத்தனை கோல் என்ற கணக்கு புத்தகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் அவரை எது வெளியே தள்ளியது என்பதுதான் நாம் படிக்க வேண்டியது.

1961-இல் லண்டன் ஹாக்னியில் பிறந்தவர். அப்பா நைஜீரியா, அம்மா கயானா. பெற்றோர் பிரிந்ததும் அண்ணன் ஜஸ்டினும் தம்பி ஜானும் பர்னார்டோ அனாதை இல்லத்துக்குப் போனார்கள். பிறகு நார்ஃபோக் கிராமம் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இருவரையும் வளர்த்தார்கள். சுற்றிலும் வெள்ளை முகங்கள். அந்த நிறத்தோடு அந்த ஊரில் வளர்வது எப்படி இருந்திருக்கும் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

நார்விச் சிட்டி கிளப்பில் 1979-இல் முதல் ஆட்டம். 1980 பிப்ரவரி 9 அன்று லிவர்பூலுக்கு எதிராக அவர் அடித்த கோலை இன்றும் செல்போனில் பார்க்கலாம். கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். வந்த பந்தை வலது காலால் லேசாக எத்தி எழுப்பி, அப்படியே திரும்பி, இடது காலால் ஒரே அடி. பிறகு குதிக்கவில்லை, கத்தவில்லை. ஒற்றை விரலை மட்டும் உயர்த்துகிறார். நார்விச் அன்று 3-5 என்று தோற்றது. ஆனாலும் பி.பி.சி. அந்த சீசனின் சிறந்த கோல் என்று அதைத்தான் தேர்ந்தெடுத்தது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த விரலில்தான் என் கண் நிற்கிறது. பதினெட்டு வயதுப் பையன் 'நான் இருக்கிறேன்' என்று சொல்கிற மாதிரி.

1981 ஆகஸ்டில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அவரைப் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பிரிட்டனில் அந்த விலை போன முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர்தான். மேலாளர் பிரையன் கிளஃப், இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பை வென்றவர். அந்த அணியில் விவ் ஆண்டர்சன் இருந்தார். 1978-இல் இங்கிலாந்துக்காக முழு சர்வதேச ஆட்டம் ஆடிய முதல் கறுப்பினத்தவர். ஆக, கறுப்புத் தோலை அந்த அணி ஏற்றுக்கொண்டுவிட்டது. ஜஸ்டின் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கூடங்களுக்குப் போகிறார் என்ற பேச்சு காதுக்கு வந்ததும்தான் வேறு முகம் தெரிந்தது. கிளஃப் அவரைக் கூப்பிட்டுக் கேவலப்படுத்தினார். அதைத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். பயிற்சிக்கு வராதே என்றார். மீறி வந்தவரைப் போலீசை வைத்து வெளியேற்றினார். அங்கே 32 லீக் ஆட்டங்களில் 3 கோல்தான் வந்தது. ஆட்டக் குறையும் இருந்திருக்கலாம். ஆனால் சொந்த மைதானத்திலேயே போலீஸ் பிடித்துக்கொண்டுபோன கால்களுக்குப் பந்து எப்படி ஒட்டும்?

1982 டிசம்பரில் டிரென்ட் ஆற்றின் அக்கரையில் இருக்கும் நாட்ஸ் கவுண்டிக்கு விற்றார்கள். விலை ஒன்றரை லட்சம். பதினாறு மாசத்தில் எட்டரை லட்சம் பவுண்டு கரைந்துபோச்சு. கால் அதே கால். உடம்பு அதே உடம்பு.

எங்க தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். டோர்னமென்ட் வந்தா ஊர்த்தெரு டீம்காரங்க பைக்கில் வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்க. கோல் அடிச்சா தோளில் தூக்குவாங்க. கோப்பையை வச்சுக் கோயில் திடலில் விருந்து நடக்கும்போது அவர் எங்க கூடத் தெருமுனையில் உட்கார்ந்திருப்பார். "கால மட்டும்தான்டா கூப்புடுறாங்க" என்பார் சிரித்துக்கொண்டே. ஜஸ்டினைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் கேட்கிறது.

1985-இல் பிரைட்டன் போனார். முழங்கால் கெட்டது. சிகிச்சைக்கு அமெரிக்கா. அதற்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ், கனடாவில் எட்மன்டன், திரும்பி வந்து மான்செஸ்டர் சிட்டி, வெஸ்ட் ஹாம், லெய்டன் ஓரியன்ட். சில இடங்களில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் ஆட்டங்கள்.

1990 அக்டோபர் 22 அன்று 'தி சன்' பத்திரிகையில் தான் தன்பாலீர்ப்பாளன் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆடிக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொன்ன முதல் பிரிட்டிஷ் தொழில்முறை ஆட்டக்காரர். வெள்ளைக்காரக் கூட்டம் ஊளையிட்டது, அது எதிர்பார்த்தது. அதைவிட ஆழமாக வெட்டியது வேறு. கறுப்பின மக்களின் பத்திரிகையான 'தி வாய்ஸ்' வழியாகத் தம்பி ஜான் பேசினார். ஜானும் பேர்போன ஃபார்வர்டு. என் அண்ணன் ஒரு 'அவுட்காஸ்ட்' என்றார். வாயை மூடிக்கொண்டிருக்க அண்ணனுக்குப் பணம் கொடுத்ததாகவும், பேசியதற்கு வருந்துவதாகவும் பின்னாளில் அவரே சொன்னார். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். நம்மைக் குறிக்க ஆங்கிலத்தில் எழுதிவந்த அதே சொல். ஒதுக்கப்பட்ட ஒருவர், ஒதுக்கப்பட்டவர்களின் ஏட்டில், கூடப் பிறந்தவர்மேல் எறிகிறார்.

ஆனால் அவர் ஆட்டத்தை விடவில்லை. சொன்ன பிறகுதான் டார்கி யுனைடெட் என்ற சின்ன கிளப்பில் 41 லீக் ஆட்டங்களில் 15 கோல் அடித்தார். பிறகு ஸ்காட்லாந்து, சுவீடன், அட்லாண்டா, 1997-இல் நியூசிலாந்து.

அவரைப் புனிதராக்க நான் எழுதவில்லை. பத்திரிகைகளுக்குக் கதை விற்றார், அதில் பொய்யும் இருந்தது. அந்த விவகாரத்தில் 1994-இல் ஹார்ட்ஸ் கிளப் அவரை நீக்கியது. 1998 மார்ச்சில் அமெரிக்காவின் மேரிலாந்தில் 17 வயது இளைஞர் ஒருவர் அவர்மேல் பாலியல் தாக்குதல் புகார் கொடுத்தார். வழக்கு விசாரணைக்கே வரவில்லை. ஆகவே புகார் கொடுத்தவரைப் பொய்யர் என்று சொல்லவோ, இவரைக் குற்றவாளி என்று சொல்லவோ நமக்கு உரிமை இல்லை. தனக்கு நியாயமான விசாரணை கிடைக்காது என்று எழுதிவைத்துவிட்டு, மே மாதத் தொடக்கத்தில் லண்டனில் தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 37.

2020-இல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் அவரைப் புகழ் மன்றத்தில் சேர்த்தது. பிரிட்டனில் ஆடிக்கொண்டிருக்கும் அடுத்த ஆண் தொழில்முறை வீரர் ஒருவர் தன்னை வெளிப்படுத்த 2022 வரை, முப்பத்திரண்டு வருசம் ஆயிற்று. பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ், அப்போது வயது 17.

சில வருசத்துக்கு முன் ஒரு பயிற்சி முகாமில் இந்தக் கதையைச் சொன்னேன். "மொதல்ல சாதியப் பேசுவோம் தோழர், இதெல்லாம் அப்புறம்" என்றார் ஒருவர். "அப்புறம்னா எப்ப தோழர்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு தம்பி மட்டும் சாப்பாட்டு நேரத்தில் வந்து, "அவர் பேரு எப்படி எழுதணும்ணே?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டான். வேறொன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வரிசையில் நில், அப்புறம் வா என்பதுதான் நமக்கு ஆண்டாண்டு காலமாகச் சொல்லப்பட்ட பதில். அந்தப் பதிலை நம் ஆட்களுக்கே நாம் சொல்லக் கூடாது. நம்மோடு வருகிறவர் முழு ஆளாக வரட்டும். காலை மட்டும் கூப்பிடுகிற வேலை நமக்கு வேண்டாம்.