அஞ்சு ஸ்டாரும் அம்மாவும்

காட்டூரிலிருந்து மச்சான் போன் செய்தார். ஹலோகூடச் சொல்லவில்லை.

“மாப்ள, அஞ்சு ஸ்டாரு!”

ஹோட்டல் ஏதும் வாங்கிவிட்டாரோ என்று ஒரு கணம் பயந்துபோனேன். வாங்கியிருந்தது கார்.

அக்காவைக் கட்டிய நாளிலிருந்து எனக்கு மச்சானைத் தெரியும். எந்த வண்டியைப் பார்த்தாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். “லிட்டருக்கு எவ்ளோ கொடுக்குது?” விட்டால் கோயில் தேரைப் பார்த்தும் கேட்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் கார் விற்றவர்கள் அத்தனை பேரும் வருடக்கணக்கில் இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். மோதினால் என்ன ஆகும் என்று ஷோரூமில் நின்றுகொண்டு கேட்பது அபசகுனம்.

அந்த அபசகுனக் கேள்வியை 2014 ஜனவரியில் வெளிநாட்டுக்காரர்கள் கேட்டார்கள். குளோபல் என்கேப் என்று ஓர் அமைப்பு. நம் ஊரில் அமோகமாக விற்றுக்கொண்டிருந்த ஐந்து சின்ன கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை எடுத்துப்போய், உள்ளே பொம்மைகளை உட்கார வைத்து, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டார்கள். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்தது முட்டை. அவற்றில் ஒன்று டாடாவின் நானோ. அதே டாடாவின் நெக்ஸான் 2018 டிசம்பரில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் தயாராகி, அந்தப் பரீட்சையில் முழுசாக ஐந்தும் வாங்கிய முதல் கார். 2023 அக்டோபரில் அரசாங்கமே பாரத் என்கேப் என்று சொந்தமாகப் பரீட்சை வைக்க ஆரம்பித்துவிட்டது. மச்சான் மைலேஜை மறந்து நட்சத்திரம் எண்ணத் தொடங்கியதற்குப் பின்னால் இவ்வளவு சரித்திரம் இருக்கிறது.

அவர் வாங்கிய கம்பெனி எதுவென்று சொல்லப்போவதில்லை. நல்ல கார். அதன்மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. புகாரெல்லாம் என்மேல்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். காட்டூர் தெரியாதவர்களுக்கு: திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில், அரியமங்கலம் தாண்டி, திருவெறும்பூர் வருவதற்கு முன்னால். அப்பா பெல்லில் வேலை பார்த்தார். இந்தப் பக்கம் பாதி வீடுகளின் கதை அதுதான். மச்சான் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறார். நான் பி.காம். படித்துவிட்டுக் கணக்கெழுதப் போகாமல் பத்திரிகைக்கு வந்தவன்.

நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு ஸ்ரீரங்கம் கிளம்பினோம். மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில். பின்னால் அம்மாவும் அக்காவும். அம்மாவுக்கு வயது எழுபத்து நாலு.

வண்டி நகர்ந்து இரண்டு நிமிடமாகியும் அந்த டிங் டிங் சத்தம் வரவில்லை. நான் பெல்ட் போடவில்லை. அவரும் போடவில்லை. அப்புறம் ஏன் கத்தவில்லை? குனிந்து பார்த்தேன். பெல்ட்டைச் சொருகுகிற இடத்தில் பளபளவென்று ஓர் இரும்புத் துண்டு சொருகியிருந்தது.

“ஒரிஜினல் ஸ்டீல் மாப்ள. ஜோடி நூத்தம்பது ரூபா. இதைச் சொருகிட்டா பெல்ட் போட்டாச்சுன்னு நினைச்சுக்கிட்டு வண்டி பேசாம இருந்துரும்.”

சிரித்தேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால், ஒரு கட்டுரைக்காக அந்த வாரம் முழுக்க நான் படித்துக்கொண்டிருந்தது இந்த பெல்ட்டின் கதையைத்தான். சும்மா இருக்க முடியுமா? எடுத்துவிட ஆரம்பித்தேன்.

“மச்சான், இந்த பெல்ட்டைக் குடுத்தது யாரு தெரியுமா? வோல்வோ.”

“வோல்வோன்னா பஸ்ஸுல்ல?”

நியாயமான கேள்வி. 2001-ல் வோல்வோ பஸ் இந்தியாவுக்கு வந்தது. அதிலிருந்து நமக்கு அது ஒரு கம்பெனிப் பெயரே இல்லை. ஏ.சி. போட்ட, குலுங்காத பஸ் எல்லாமே வோல்வோ. கார் வந்தது 2007-ல். விலை காரணமாக நம் கண்ணில் அதிகம் பட்டதில்லை. இத்தனைக்கும் 1999-லேயே கார் பிரிவை ஃபோர்டு வாங்கிவிட்டது. 2010-ல் அது சீனாவின் ஜீலி கையில் போய்ச் சேர்ந்தது. பஸ் கம்பெனி வேறு, கார் கம்பெனி வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.

“எஸ்.கே.எஃப். பேரிங் தெரியுமில்ல? அந்தக் கம்பெனி 1915-ல பேரிங்குக்காகப் பதிவு பண்ணி வச்ச பேர்தான் வோல்வோ. லத்தீன்ல, நான் உருள்கிறேன்னு அர்த்தம்.”

பேரிங் என்றதும் மச்சானுக்கு மரியாதை வந்துவிட்டது. எனக்கு வேறு காரணத்துக்காக மரியாதை. ஸ்வீடனில் அந்தக் கார் கம்பெனியை ஆரம்பித்த இருவரில் கப்ரியேல்சன் நம்ம ஆள். காமர்ஸ் படித்துவிட்டு எஸ்.கே.எஃப்.பில் விற்பனை பார்த்தவர். இன்னொருவர் லார்சன், இன்ஜினீயர். முதல் கார் வெளியே வந்தது 1927 ஏப்ரலில்.

கார் பால்பண்ணை தாண்டிக் காவிரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் 1950-களுக்கு வந்திருந்தேன். அப்போதும் பெல்ட் உண்டு. இடுப்போடு சரி. மோதும்போது இடுப்பு நிற்கும், உடம்பின் மேல்பாதி கத்தி மடங்குவதுபோல மடங்கும். பெல்ட்டே வயிற்றைப் பதம் பார்த்துவிடும். அப்போது வோல்வோவின் தலைவராக இருந்தவர் குன்னார் எங்கெல்லாவ். தன் உறவினர் ஒருவரைக் கார் விபத்தில் பறிகொடுத்தவர். அவர் 1958-ல் நீல்ஸ் பூலின் என்ற இன்ஜினீயரை வேலைக்கு எடுத்தார். பூலின் அதற்கு முன்னால் சாப் கம்பெனியில் பார்த்த வேலை என்ன தெரியுமா? போர் விமானத்தில் ஆபத்தென்றால் பைலட்டை ஆசனத்தோடு வெளியே தூக்கி எறிகிற ஏற்பாடு. ஆளை வெளியே எறிவதற்கு வழி கண்டுபிடித்தவரிடம், ஆளை உள்ளேயே பிடித்து வைக்க வழி கேட்டார்கள்.

ஒரு வருடத்தில் கொடுத்துவிட்டார். தோளிலிருந்து குறுக்காக ஒரு நாடா, இடுப்பில் ஒரு நாடா, இரண்டும் ஆசனத்தின் பக்கத்தில் தாழ்வாக ஓரிடத்தில் சேரும். ஒரே கையால் மாட்டலாம், கழற்றலாம். மோதலின் வேகத்தை வயிற்றில் இறக்காமல் மார்புக்கூட்டுக்கும் இடுப்பெலும்புக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். 1959 ஆகஸ்டில் அந்த பெல்ட்டோடு முதல் கார் வெளியே போனது.

எனக்குள் இருக்கிற பி.காம். எழுந்து உட்கார்ந்த இடம் அடுத்தது. வோல்வோ அதற்குக் காப்புரிமை வாங்கியது. வாங்கிவிட்டு, யார் வேண்டுமானாலும் காசு தராமல் செய்துகொள்ளலாம் என்று திறந்துவிட்டது. போட்டிக் கம்பெனிக்காரனும் செய்துகொள்ளலாம். உலகத்துக் கார்களில் எல்லாம் ஆளுக்கு ஒரு ரூபாய் வசூலித்திருந்தால்கூட என்ன ஆகியிருக்கும்? எங்கள் பாடப்புத்தகத்தில் இதை வரவு வைக்க ஒரு பத்தி உண்டு. குட்வில். கண்ணுக்குத் தெரியாத சொத்து. பாதுகாப்பு என்றால் வோல்வோ என்று உலகம் சொல்கிறதே, அதுதான் அந்தக் கணக்கின் பாக்கி.

கொடுத்ததோடு விடவில்லை. ஸ்வீடனில் நடந்த 28,000 விபத்துகளைத் தோண்டிப் பார்த்து 1967-ல் ஓர் அறிக்கை வைத்தார்கள். பெல்ட் போட்டவர்களில், மணிக்கு சுமார் 96 கிலோமீட்டருக்குக் கீழே நடந்த மோதல்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. போடாதவர்கள் எல்லா வேகத்திலும் செத்திருந்தார்கள்.

“வாங்குனவங்க என்ன சொல்றாங்க? ஓனர் பேச்சுதானே முக்கியம்?” என்றார் மச்சான்.

அதற்கும் ஆள் வைத்திருந்தேன். இர்வ் கார்டன். அமெரிக்காவில் சயின்ஸ் வாத்தியார். 1966-ல் ஒரு சிவப்பு வோல்வோ வாங்கினார். அதே காரை 2013-ல் முப்பது லட்சம் மைல் தாண்டவைத்தார். கிட்டத்தட்ட 48 லட்சம் கிலோமீட்டர். கின்னஸில் பெயர் வந்தது. 2018-ல்தான் காலமானார்.

“அப்ப ரீசேல் வேல்யூ?” என்றார் மச்சான். பழக்கதோஷம்.

ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வந்து ஏறும்போது, அதுவரை ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த அம்மா கேட்டாள். “ஏண்டா, இவ்ளோ சொல்றியே. அதை நானும் போட்டுக்கணுமா?”

பின் கதவைத் திறந்து தேடினேன். தோள்பட்டைக்குப் பக்கத்தில் நாடா இருந்தது. சொருகுகிற இடத்தைக் காணோம். புது சீட் கவர் தைத்துப் போட்டவர்கள் அதை உள்ளே தள்ளி மூடிவிட்டார்கள். விரலை விட்டு நோண்டினேன். வரவில்லை. பின்னால் வண்டிகள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன.

“விடும்மா. பின்சீட்டுக்கு எதுக்கு? வசதியா உக்காரு.”

இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். 28,000 விபத்துகளைப் படித்துவிட்டு வந்த நான்.

திரும்பும்போது காட்டூர் கிட்டத்தட்ட வந்துவிட்டது. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரைக்கும் இந்தச் சாலையை அறிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நாலு வழிச்சாலை போட்டுவிட்டார்கள். சர்வீஸ் ரோடு வேண்டுமென்று மக்கள் வருடக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். எதிரே இருக்கிற கடைக்குப் போக வேண்டுமென்றால் எங்கேயோ போய்த் திரும்பி வரவேண்டும். அவ்வளவு தூரம் யார் போவது? எதிர்த்திசையிலேயே வண்டியை விட்டுவிடுவார்கள்.

அப்படி ஒருவர் பைக்கில் எங்களுக்கு நேர் எதிரே வந்தார். முன்னால் வீட்டுச் சாமான் மூட்டை. மச்சான் அப்போது அறுபதில் போய்க்கொண்டிருந்திருப்பார். பிரேக்கை மிதித்தார். அருமையான பிரேக். சறுக்காமல், திரும்பாமல் கார் நின்றது. பைக்காரர் ஒரு சாண் இடைவெளியில் வளைந்து, எதுவும் நடக்காததுபோலப் போயே போய்விட்டார்.

காருக்கு ஒரு கீறல் கிடையாது. ஏர்பேக் விரியவில்லை, விரியவேண்டிய அவசியமும் இல்லை. ஏனென்றால் நாங்கள் எதிலும் மோதவில்லை.

அம்மாதான் மோதியிருந்தாள். என் சீட்டின் முதுகில்.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு சீட்டுக்கும் நடுவே சரிந்து கிடந்தாள். உதடு கிழிந்து ரத்தம். மடியில் வைத்திருந்த பிரசாதம் முழுக்கக் கீழே. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணுமில்லடா, பைக்ல வந்த புள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே?” என்றாள்.

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே டாக்டர் கேட்டார். “பெல்ட் போடலையா?” மச்சான் என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டேன். கார் நின்றுவிடும், உள்ளே இருக்கிற நாம் நிற்கமாட்டோம். நாம் அதுவரை போன அதே வேகத்தில் போய்க்கொண்டே இருப்போம், எதாவது ஒன்று தடுக்கிற வரைக்கும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதி நிற்பது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். அந்த வேகத்தில் உண்மையிலேயே ஒரு லாரியில் மோதியிருந்தால்? அம்மா என் முதுகில் வந்து விழுந்திருப்பாள். அவளும் போயிருப்பாள், என்னையும் அனுப்பியிருப்பாள்.

டாடா குழுமத்தின் தலைவராக இருந்தவர் சைரஸ் மிஸ்திரி. 2022 செப்டம்பர் 4-ம் தேதி, மும்பை போகும் வழியில் பால்கர் அருகே விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த கார்தான். பின்சீட்டில் இருந்த இரண்டு பேரும் பெல்ட் போடவில்லை என்றார்கள் போலீஸார். அந்த இருவரும்தான் இறந்தார்கள். முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு உச்சுக்கொட்டிய கோடிப் பேரில் நானும் ஒருவன்.

அந்த ஒரு வருடத்தில் மட்டும் பெல்ட் போடாமல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. ஓட்டியவர்கள் 8,384. பயணிகள் 8,331. பாதிக்குப் பாதி. வண்டி ஓட்டாதவனுக்கு எதுக்கு என்ற என் தத்துவத்துக்கு இதைவிடப் பதில் வேண்டாம். அடுத்த வருடம், 2023 மே மாதம், மச்சான் வைத்திருந்த அந்த கிளிப்பை விற்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவு போட்டது. நீக்கப்பட்ட விளம்பரங்கள் மட்டும் பதின்மூவாயிரத்துக்கு மேல்.

யோசித்துப் பாருங்கள். ஒருவன் தன் கண்டுபிடிப்பை உலகத்துக்கே சும்மா கொடுக்கிறான். நாம் அதை வாங்கிக்கொள்ளாமல் இருப்பதற்கு நூற்றைம்பது ரூபாய் செலவழிக்கிறோம். எந்த லெட்ஜரில் எழுதுவது இதை? நட்சத்திரம் கொடுக்கிறவர்கள் காரை மோதவிடும்போது உள்ளே உட்கார வைக்கிற பொம்மைகளுக்கு முதலில் பெல்ட்டைத்தான் மாட்டுகிறார்கள். அந்த அஞ்சு ஸ்டார், பெல்ட் போட்ட பொம்மைக்குக் கிடைத்தது. நாம் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியிருப்பது காரை மட்டும்தான்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்த பிறகு பிசியோதெரபிக்கு அழைத்துப் போக ஊருக்கு வந்திருந்தேன். சீட் கவரில் நாலு இடத்தில் கத்தரியால் வெட்டி, உள்ளே கிடந்ததை வெளியே எடுத்துவிட்டிருந்தார் மச்சான். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. கிளிப்பைத் தூக்கிப் போட்டாரா என்றால், இல்லை. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே. அக்கா அதில் கோலி சோடா உடைக்கவில்லை, அவ்வளவுதான். பூட்டுச் சாவியைக் கோத்து ஆணியில் மாட்டியிருக்கிறாள்.

அம்மா ஏறி உட்கார்ந்தாள். அந்தக் கையில் இன்னும் பிடிமானம் சரியாக வரவில்லை. நாடாவை இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். புடவைத் தலைப்பு சிக்கியது, எடுத்துவிட்டாள். நான் உதவிக்குக் கையை நீட்டினேன்.

“நீ போய் உன்னோடதைப் போடு” என்றாள்.

போட்டேன். பின்னால் க்ளிக் என்று சத்தம் வருகிற வரைக்கும் மச்சான் வண்டியை எடுக்கவில்லை.