பழவேற்காட்டின் பாடும் தலைக்கட்டும்

பழவேற்காட்டு ஏரியில் யார், எங்கே, எந்த முறையில் வலை கட்டலாம் என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டி இறால் மிகுதி. அங்குள்ள பிடிப்பிடங்களைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் என்னும் மீனவ சமூகத்தினர் தலைமுறைகளாகப் பகிர்ந்து வருகிறார்கள்.

இப்படிப் பகிரும் குழுவில் யார் உறுப்பினர் என்பதே முதல் கேள்வி. ஒப்பிட்டுப் பார்த்தால், ஸ்காட்லாந்தின் குலங்களில் பெயருக்கும் சின்னத்துக்கும் பெருமதிப்பு உண்டு. குலத்தலைவரின் குடும்பப் பெயரையோ, அக்குலத்தைச் சார்ந்த கிளைப் பெயரையோ கொண்டவர், தலைவரை ஏற்றுக்கொண்டால் குலத்தவராகிறார். தலைவர் யார் என்பதை லார்ட் லயன் நீதிமன்றம் அங்கீகரிக்கிறது.

பழவேற்காட்டுக் குப்பங்களில் குடும்பப் பெயரும் சின்னமும் கணக்கில் வருவதில்லை. அங்கே கணக்கு தலைக்கட்டு. பட்டினவராகப் பிறந்து, அந்த ஊரிலேயே குடியிருந்து, மணமுடித்த ஆண் ஒரு தலைக்கட்டாகச் சேர்க்கப்படுகிறார். தலைக்கட்டுதாரர் ஊர் வரி கொடுக்க வேண்டும். ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அடங்க வேண்டும். சுத்து வலை கட்டும் இடமும் முறையும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்படுகின்றன. அதனால் நல்ல பாடு ஒருவர் கையிலேயே தங்கிவிடுவதில்லை. மாதாகுப்பம் கிறிஸ்தவ ஊர். பாட்டில் பங்கு பெற அது தடையாக இல்லை. இதற்கு மாறாக, இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலை உரிமை கத்தோலிக்கருக்கே உரியது. உறுப்பினரின் மகனாக இருப்பதும் அங்கே நிபந்தனை. அந்த விதிகளுக்கு அரசு 1958இல் சட்ட வடிவம் தந்தது.

பாடு முறைக்குக் குறைகளும் உண்டு. பெண்களுக்கு அதில் இடமில்லை. ஏரியை நம்பி வாழும் இருளர்களும் பிற சமூகத்தினரும் பாட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். 1980களில் ஏற்றுமதியால் இறால் விலை ஏறியபோது பலரும் ஏரியில் இறங்கினார்கள். பாடு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே பூசல் வளர்ந்தது.

ஆனாலும் ஏரியின் வளத்தைப் போட்டியில் அழியவிடாமல், உறுப்பினர்களுக்குள் நியாயமாகப் பங்கிடும் ஏற்பாடாகப் பாடு முறை நிலைத்திருக்கிறது. உரிமையோடு கடமையையும் சேர்த்துக் கட்டியதே அதன் பலம். ஏரியைக் காக்க வகுக்கப்படும் எந்தத் திட்டமும் அந்தப் பலத்தை விட்டுவிடாமல், வெளியே நிற்பவர்களுக்கும் பங்கு தர வேண்டும்.