பல்லும் சொல்லும்

பல் போனால் சொல் போயிற்று என்னும் பழமொழியை அறியாதார் இலர். அதன் முழுப்பொருளும் எங்கள் மூவருக்கும் விளங்கியது, எங்கள் தந்தையாரின் மேல்வரிசைப் பற்கள் முற்றிலும் உதிர்ந்துபோன 2016ஆம் ஆண்டில்தான்.

தந்தையார் தமிழாசிரியராகப் பணியாற்றி 2001இல் ஓய்வு பெற்றவர். எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறு திருப்பலியின் முதல் வாசகம் பெரும்பாலும் அவருடையதாகவே இருந்துவந்தது. ஒலிபெருக்கி பழுதுபட்ட நாளிலும் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு எழுத்தெழுத்தாய்ப் போய்ச் சேரும் குரல் அது. சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றுக்கொன்று துணை நின்று பல் ஒவ்வொன்றையும் அசைத்து எடுத்தன. இறுதியில் கீழே இரண்டு கோரைப்பற்களும், அவற்றுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்த இரண்டு முன்பற்களுமே எஞ்சின.

எவரிடமும் சொல்லாமல் அவர் வாசகம் படிப்பதை நிறுத்திக்கொண்டார். பங்குத்தந்தை வினவியபோது கண் சரியில்லை என்றார். தொலைபேசி மணி அடித்தால் அம்மாவை எடுக்கச் சொன்னார். கதை கேட்டு வந்த பேரனிடம் புத்தகத்தைக் கொடுத்து, "நீ படி, தாத்தா கேட்கிறேன்" என்றார். அம்மாவின் கவலையெல்லாம் அவருடைய தட்டைச் சுற்றியே இருந்தது. "கறித்துண்டு ஒண்ணு தின்னு எத்தனை நாளாச்சு இந்த மனுசன்" என்று எங்களிடம் புலம்புவார். தந்தையாரின் இழப்பு தட்டில் இல்லை, நாவில் இருந்தது.

தமிழ் எழுத்துகள் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் பிறப்பியலில் எட்டாக வகுத்திருக்கிறார். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பன அவை. தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நா பரந்து ஒற்றுவதால் பிறப்பவை. வகரமோ பல்லும் இதழும் பொருந்தப் பிறப்பது. மேற்பல் இல்லாத வாயில் இம்மூன்று எழுத்துகளுக்கும் பிறப்பிடம் இல்லை. நா ஒற்றுவதற்கு இடமின்றி வெளியே நழுவுகிறது. வகரம் இரண்டு உதடுகளுக்கிடையே காற்றாகிவிடுகிறது. ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு இவ்விலக்கணத்தைச் சொல்லிக்கொடுத்தவர், திருத்தூதர் பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய திருமுகத்தை அறிவிக்க எழுந்து நின்றால், 'திருத்தூதர்' என்ற சொல்லிலேயே இருமுறை தடுக்கி விழவேண்டும். அதைவிட அமர்ந்திருப்பதே மேல் என்று அவர் தீர்மானித்தார்.

பல் கட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சை அவரிடம் எடுப்பதற்கே நான்கு மாதம் ஆயிற்று. பொய்ப்பல் என்ற சொல்லே அவருக்கு உவப்பாயில்லை. "பொய்யை வாயில் வைத்துக்கொண்டு வேதத்தை வாசிக்கவா?" என்றார். கண்ணாடி அணிந்தால் பொய்க்கண் என்பார் உண்டோ என்று எங்கள் தங்கை கேட்டாள். அவர் விடை சொல்லவில்லை. ஆயினும் மறுநாள் தாமே சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

அந்நாளில் நம் ஊர்களில் 'இங்கு பல் கட்டப்படும்' என்ற பலகையும், அதன்மேல் சிவந்த ஈறுகளோடு வரையப்பட்ட பல்வரிசையும் பரவலாகக் காணப்படும். சென்னையிலும் வேறு சில நகரங்களிலும் சீன வம்சாவளிக் குடும்பங்கள் இத்தொழிலில் பேர்பெற்றிருந்தன. பதிவு பெற்றவரே பல் மருத்துவம் செய்யலாம் என்ற சட்டம் 1948இல் வந்தபின்னும், கைத்திறனைப் பரம்பரையாய்க் கற்றவர்கள் ஆங்காங்கே இருந்தனர். இன்று கல்லூரியில் பயின்ற மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. எனவே, எவரிடம் கட்டுவது என்பதைவிட, எதற்காகக் கட்டுகிறோம் என்பதே முதற்கேள்வி என்று எங்களுக்குத் தோன்றியது.

முதலில் சென்ற மருத்துவமனையில் அக்கேள்வியை எவரும் கேட்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி ஒரு நிமிடம் நோக்கிவிட்டு, எஞ்சிய நான்கையும் பிடுங்கிவிடலாம், அன்றே செட்டைப் பொருத்திவிடலாம் என்றார்கள். பிடுங்கிய அன்றே பொருத்துவதும் முறையான மருத்துவமே. முகம் வெறுமையாய்த் தோன்றும் நாள்கள் அதனால் மிச்சமாகும். ஆனால், பல் போன இடத்தில் எலும்பு கரையும். முதற்சில மாதங்களில் விரைவாகவும், பின்னர் ஆயுள் முழுதும் மெல்லமெல்லவும் கரையும். ஆகையால் அன்று கச்சிதமாய் அமர்ந்த செட்டு சில மாதங்களில் தளர்ந்து ஆடும். அடியில் மறுபூச்சு இட்டுச் சரிசெய்ய நேரிடும். இதை அங்கே எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. விலைப்பட்டியலை மட்டும் கையில் கொடுத்தார்கள்.

இரண்டாவதாகச் சென்ற இடத்தில், செயற்கைப்பல் பொருத்தும் துறையிலேயே மேற்பட்டம் பெற்ற ஒரு மருத்துவ அம்மையார் இருந்தார். அவர் கேட்ட முதற்கேள்வி, "ஐயா, பல் வந்ததும் முதலில் என்ன செய்யணும்னு ஆசை?" என்பது. கறி என்று சொல்வார் என அம்மா காத்திருந்தார். "கோவிலில் வாசிக்கவேண்டும்" என்றார் தந்தையார்.

ஆடிய முன்பற்கள் இரண்டையும் அம்மையார் எடுத்துவிட்டார். கோரைப்பற்களை எடுக்கவில்லை. அவற்றுக்கு வேர் சிகிச்சை செய்து, ஈறு மட்டத்துக்குச் சற்றே மேலாகக் குறைத்து, அவற்றின்மேல் கீழ்ச்செட்டு அமரும்படி திட்டமிட்டார். மேல்செட்டு, அண்ணத்தின் பரப்பில் உமிழ்நீர்ப் படலம் தரும் பிடிப்பால் நிற்கும். கீழ்த்தாடையிலோ குதிரைலாட வடிவான ஒரு சிறு மேடு மட்டுமே. நாவும் கன்னமும் அதனை ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும். எலும்பு கரைவதும் மேல்தாடையைவிடக் கீழே ஏறக்குறைய 4 மடங்கு என்று நெடுங்கால ஆய்வொன்று 1972இல் காட்டியது. வேர் இருக்கும் இடத்தில் எலும்பு அவ்வளவு கரைவதில்லை. இற்றுப்போன வீட்டில் இரண்டு தூண்களேனும் நிற்கட்டும் என்றார் அம்மையார். தாடையில் உலோக வேர் பதிக்கும் முறையையும் அவர் மறைக்கவில்லை. பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு அத்தகைய இரண்டு வேர்களின்மேல் அமரும் செட்டே முதல் தெரிவாகவேண்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் கூறியிருக்கிறார்கள். எங்களுள் மூத்தவர் அதற்கு ஆயத்தமாயிருந்தார். சொந்த வேர் இரண்டு இருக்கையில் இரும்பு வேர் எதற்கு என்று தந்தையார் மறுத்துவிட்டார்.

அளவு எடுப்பதற்கு இரண்டு நாள், கடிவாய் பார்ப்பதற்கு ஒரு நாள் ஆயின. நான்காம் முறை சென்றபோது மெழுகில் பற்களைப் பதித்து வாயில் வைத்துப் பார்த்தார்கள். மாற்றங்களைச் சொல்லவேண்டிய வேளை இதுவே. மெழுகு அக்ரிலிக்காக மாறியபின் எளிதில் திருத்த இயலாது. வெண்மையான பல்லைத் தங்கை விரும்பினாள். தந்தையாரோ, நிறங்காட்டும் பல்வரிசையில் தேடி மஞ்சள் ஏறிய ஒன்றைச் சுட்டினார். பின்னர்ப் பையிலிருந்து பழைய பள்ளிக் குழுப்படம் ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் இளைஞராகிய அவர் சிரிக்கிறார். முன்பற்கள் இரண்டுக்கும் இடையே ஒரு நெல்மணி நுழையும் இடைவெளி. அந்த இடைவெளி வேண்டும் என்றார். அம்மா உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மெழுகுப்பல்லோடு ஆங்கிலத்தில் ஐம்பது முதல் அறுபது வரை எண்ணும்படி அம்மையார் சொன்னார். மேற்பல் கீழுதட்டை எங்கே தொடுகிறது என்பதைக் கண்டு பல்லின் நீளத்தைத் தீர்மானிப்பார்களாம். தந்தையார் எண்ணவில்லை. தந்தை, நாதன், வித்து, வேந்தன், தாவீது என்று தம் சொற்களையே அடுக்கினார். "வகரம் அழுந்துகிறது டாக்டரம்மா, மேல்வரிசை சிறிது நீளம்" என்றார். அம்மையார் வியந்து, மெழுகை இளக்கி மயிரிழை உயர்த்தினார். மறுபடி வேந்தன், மறுபடி இளக்கல். பல்லிதழ் பொருந்தப் பிறக்கும் எழுத்தைக் கொண்டே பல்லை அளக்கும் இந்நுட்பத்தை மேல்நாட்டு மருத்துவ நூல்களில் பயின்றதாக அம்மையார் கூறினார். தந்தையார் பிறப்பியலைச் சொன்னார். வெளியே நோயாளிகள் காத்திருக்க, உள்ளே அரைமணி நேரம் இலக்கண வகுப்பு நடந்தது.

அமெரிக்காவின் முதற்குடியரசுத் தலைவர் வாசிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவருக்கு ஒரே ஒரு சொந்தப் பல்தான் இருந்தது. மரப்பல் அணிந்தார் என்பது கட்டுக்கதை; நீர்யானைத் தந்தத்தாலும் மனிதப் பற்களாலும் ஆன செட்டு அது. சுருள்வில்லால் இணைத்த அச்செட்டு வாயைத் திறக்கவே உந்திக்கொண்டிருந்தமையால், உதட்டை இறுக்கியே இருக்கவேண்டியதாயிற்று. அவருக்குக் கிட்டாதது பாக்கியம் பெற்ற நம் ஊர்க் கிழவருக்குக் கிட்டியது என்று எங்கள் மூத்தவர் இன்றும் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

செட்டு வந்த முதல்வாரம் வேதனையானது. வாயெல்லாம் உமிழ்நீர், குமட்டல், ஈற்றில் இரண்டிடத்தில் புண். புண்ணோடு பொறுத்துக்கொள்வது வீரமன்று. உராயும் இடத்தை மருத்துவர் தேய்த்துக் கொடுத்தால் இரண்டு நாளில் ஆறிவிடும். முழுச்செட்டுப் பல்லின் கடிவலிமை சொந்தப் பல்லின் வலிமையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. முன்பல்லால் கடித்தால் பின்புறம் எழும்பிவிடும். சிறு துண்டுகளாக்கி இருபுறமும் ஒருசேர மெல்லவேண்டும். கறித்துண்டுக்கு இரண்டு மாதம் பிடித்தது. பேச்சோ மூன்றே வாரத்தில் திரும்பியது. விடியற்காலையில் கொல்லைப்புறத்தில் நின்று உரக்க வாசித்துப் பழகினார். அண்டை வீட்டார் முதலில் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தனர்.

2017ஆம் ஆண்டு தவக்காலத்தில் அவர் மீண்டும் வாசக மேடை ஏறினார்.

இப்போது அவருக்குக் கை நடுக்கம். எனவே இரவுதோறும் பல் துலக்கும் பணி, வீட்டிலிருக்கும் எங்களுள் ஒருவருடையது. தந்தையின் பல்லை உள்ளங்கையில் ஏந்துவது முதல்நாளில் கூச்சமாயிருந்தது. கண்டித்த வாய், முத்தமிட்ட வாய், அதன் ஒரு பகுதி ஈரமாய் நம் கையில் கிடக்கிறது. தொட்டியில் தண்ணீர் நிறைத்து, அதன்மேல் பிடித்தே துலக்குகிறோம். நழுவி விழுந்தாலும் உடையாது. பற்பசை கூடாது, அதிலுள்ள பொடி அக்ரிலிக்கைக் கீறிவிடும். மென்மையான தூரிகையும் சோப்புநீரும் போதும். வெந்நீர் பட்டால் வடிவம் கோணிவிடும். இரவில் குளிர்ந்த நீரில் ஊறவேண்டும். உறக்கத்திலும் கழற்றாதோர்க்கு அண்ணம் சிவந்து பூஞ்சைப் புண் காண்பதுண்டு. செட்டுக்கடியில் இருக்கும் அவ்விரு வேர்களைத் தனியே துலக்குகிறோம். அவற்றில் சொத்தை விழுந்தால் தூண்கள் போயின. ஒருமுறை விரிசல் கண்டபோது கடைப்பசை கொண்டு ஒட்டலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். அது வாய்க்குக் கேடு, பொருத்தமும் போய்விடும். நாங்கள் அம்மையாரிடமே கொண்டு சென்றோம்.

2023இல் தந்தையாருக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. மயக்கமருந்து கொடுக்குமுன் செட்டைக் கழற்றிவிடுவார்கள். காகிதத்தில் சுற்றிவைத்த பற்செட்டு குப்பைக் கூடைக்குப் போய்விடுவது மருத்துவமனைகளில் அடிக்கடி நிகழ்வதே. ஆகவே மூடியுள்ள டப்பா ஒன்றில் அவர் பெயரை எழுதி, எங்கள் தங்கை தன் மடியிலேயே வைத்திருந்தாள். பல் கழற்றியதிலிருந்து அவர் எவரோடும் பேசவில்லை. செவிலியர் கேட்டதற்கெல்லாம் சைகையே காட்டினார். மாலையில் நன்கு விழித்தபின் டப்பாவை நோக்கிக் கை நீட்டினார். கழுவிக் கொடுத்தோம். நிதானமாய்ப் பொருத்திக்கொண்டு, உதட்டை ஒருமுறை ஈரமாக்கி, "தண்ணீர்" என்றார்.

இன்னும் இரண்டு மணி நேரம் பொறுக்கவேண்டும் தாத்தா என்றார் செவிலியர்.