பேர் குடுத்த ஆக்கள் எங்க?

நாலு மாசமா நாங்கள் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். பொய் எண்டு தெரியாமல்தான் சொன்னோம். ஆனாலும் அந்தப் பொய்க்கு ஒரு அக்கா விலை குடுத்திட்டா. அதனாலதான் இதை எழுதுறோம்.

பனிச்சங்கேணியில அக்காமார் பதினொரு பேர் சேர்ந்து பனையோலையில பெட்டி, கூடை, சுளகு இழைக்கிறாங்க. வாழைச்சேனைக்குக் கொண்டுபோனால் வாங்குற ஆள் சொல்லுறதுதான் விலை. கனடா, சுவிஸ் எண்டு போயிருக்கிற எங்கட சனம் நேரடியா வாங்கினால் கையில நாலு காசு மிஞ்சும் எண்டு நினைச்சோம். ஊருக்கு வாற நேரம் எடுத்துக்கொண்டு போகலாம், கொழும்பில இருக்கிற சொந்தத்துக்கு அனுப்பச் சொல்லலாம். அதுக்காக ஒரு வெப்சைட் செய்து குடுத்தோம். எங்கள் ஒருத்தருக்கும் கோட் எழுதத் தெரியாது. படத்தை இழுத்து வைச்சு, எழுத்தை இழுத்து வைச்சுச் செய்யுற சேவை ஒண்டில செய்தோம்.

ஓலை வேலை கடையில சாமான் அடுக்குற மாதிரி இல்லை. ஓலை வெட்டி, காயவைச்சு, சாயம் போட்டு, இழைச்சு முடிய நாள் எடுக்கும். எப்ப முடியும் எண்டு முன்கூட்டிச் சொல்லவும் ஏலாது. அதனால வெப்சைட்டின்ர அடியில ஒரு சின்னப் படிவம் வைச்சோம்: ‘புதுப் பெட்டி வந்ததும் சொல்லட்டுமா? பேரையும் ஈமெயிலையும் தாங்க.’ வாற பேருக்கெல்லாம் ஒரே நேரத்தில கடிதம் அனுப்ப, வேற ஒரு ஈமெயில் மார்க்கெட்டிங் சேவையில கணக்குத் திறந்தோம்.

பேஸ்புக் இருக்கேக்க ஈமெயில் என்னத்துக்கு எண்டு கேட்பீங்க. பேஸ்புக்கில எங்கட பதிவை ஆருக்குக் காட்டுறது எண்டு அவங்கள்தான் தீர்மானிப்பாங்க. ஈமெயில் முகவரியை நாங்கள் இறக்கி எடுத்து வைச்சிருக்கலாம். டைனிலெட்டர் எண்ட கடிதச் சேவை 2024 பெப்ரவரி 29ஆம் திகதி மூடப்பட்டது. மூடுறதுக்கு முன்னம் தங்கட பட்டியலை இறக்கி எடுத்தவங்கள் அதே வாசகர்களோட வேற இடத்துக்குப் போகலாம். அந்த மாதிரி ஒரு காப்பு எங்களுக்கும் வேணும் எண்டு நினைச்சோம்.

ஆனால், ஒவ்வொரு கிழமையும் ஈமெயில் சேவையைத் திறந்து பார்த்தால் ஒரே எண்தான். 0.

“ஒருத்தரும் பேர் குடுக்கல்ல அக்கா” எண்டு போய்ச் சொன்னோம். அவங்க எங்களோட கோவிக்கல்ல. “எங்கட பெட்டியை ஆர் மனே வாங்கப்போறாங்க” எண்டு சிரிச்சாங்க. ரெண்டு பேர் வாறதை நிப்பாட்டினாங்க. சாயம் போடுறதில கெட்டிக்காரியான ஒரு அக்கா பாஸ்போட் எடுத்து, ஏஜென்சிக்காரனைப் பிடிச்சு, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டா.

அவ போய் மூணு கிழமையில டொரொண்டோவில இருந்து ஒருத்தர் வட்ஸ்அப்பில கதைச்சார். “தம்பிமார், நான் பேர் குடுத்து ரெண்டு மாசம். ஒண்டும் வரல்லியே?”

அப்பதான் தேடினோம். படிவத்தில பேர் எழுதினவங்களுக்கு ‘நன்றி’ எண்டு காட்டியிருக்கு. அந்தப் பேரெல்லாம் வெப்சைட்டின்ர உள்பக்கத்தில, நாங்கள் ஒருநாளும் திறந்து பார்க்காத ஒரு பகுதியில சேர்ந்து கிடந்தது. 63 பேர். ஈமெயில் சேவைக்கு அதில ஒண்டும் போகல்ல. ரெண்டையும் நாங்கள் இணைக்கவே இல்லை. பிழை எங்கட.

கிண்ணியாப் பாலம் 2009இல திறக்கும்வரைக்கும் அங்க பாதையிலதான் கடலைக் கடக்கவேணும். பாதை எண்டால் எங்கட பக்கத்தில வாகனத்தையும் சனத்தையும் ஏத்துற மிதவை. தார் ரோட்டு கரைவரைக்கும் வந்து நிக்கும், அங்கால அக்கரையிலயும் ரோட்டு இருக்கும். நடுவில பாதை ஓடாட்டி ரெண்டு ரோட்டாலயும் பிரயோசனம் இல்லை. எங்கட படிவமும் ஈமெயில் சேவையும் அப்பிடித்தான் நிண்டது.

இணைக்கிறது அரை மணித்தியால வேலைதான். ஈமெயில் சேவையில ஒரு பட்டியல் தொடங்கவேணும். அதே கணக்கில ஏபிஐ சாவி எண்டு ஒரு நீளமான எழுத்துக்கோவை எடுக்கலாம். அது உண்மையாவே சாவி. அது இருக்கிற ஆள் உங்கட பட்டியலுக்குள்ள போகலாம், அதனால குழு வட்ஸ்அப்பில போட்டுவிடாதீங்க. அதை வெப்சைட்டின்ர இணைப்புப் பகுதியில ஒட்டி, எந்தப் பட்டியல் எண்டு தெரிஞ்சு, படிவத்தின்ர எந்தப் பெட்டி பட்டியலின்ர எந்தப் பெட்டிக்குப் போகவேணும் எண்டு காட்டவேணும். சில சேவைகளில சாவியும் தேவையில்லை, ரெண்டு கணக்கிலயும் உள்ள போய் ‘அனுமதி’ எண்டு அமத்தினால் சரி.

பெட்டிக்குப் பெட்டி காட்டுற இடத்திலதான் நாங்கள் ரெண்டாம் தரம் விழுந்தோம். ‘முதற்பெயர்’, ‘கடைசிப்பெயர்’ எண்டு இருந்ததை அப்பிடியே விட்டிட்டோம். எங்கட ஆக்கள் தகப்பன்ர பேரை முன்னுக்கும் தங்கட பேரைப் பின்னுக்கும் எழுதுவாங்க. கடிதம் முதற்பெயரைப் பிடிச்சு ‘வணக்கம்’ சொன்னது. சுவிஸில இருந்து ஒரு அக்கா பதில் போட்டா: “எண்ட அப்பாட பேருக்குக் கடிதம் வந்திருக்கு. அவர் மோசம் போய்ப் பத்து வருசம். பார்த்திட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன்.” அண்டைக்கே ரெண்டு பெட்டியையும் எடுத்திட்டு, ‘உங்களை எப்பிடிக் கூப்பிட?’ எண்டு ஒரே பெட்டி வைச்சோம்.

63 பேரையும் என்ன செய்யுறது எண்டு ஒரு பின்னேரம் முழுக்க வாக்குவாதம். அவங்கள் கேட்டுத்தானே பேர் தந்தாங்க, நேரா பட்டியலில போட்டால் என்ன எண்டு எங்களில பாதிப்பேர். நாலு மாசத்துக்கு முந்தின விருப்பம் இப்பவும் இருக்கா எண்டு மற்றப் பாதி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குடுத்த சம்மதத்தைத் திரும்ப எடுக்கிற உரிமையையும் சொல்லுது. கடைசியில ஒரே ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பி, ‘இன்னும் வேணும் எண்டால் இதை அமத்துங்க’ எண்டு கேட்டோம். 41 பேர் அமத்தினாங்க. மற்றவங்கட பேரை அழிச்சிட்டோம்.

அதுக்கு முதல் ஒரு சிக்கல். அமெரிக்காவின்ர 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி வியாபார ஈமெயிலில உண்மையான தபால் விலாசம் இருக்கவேணும். அதனால ஈமெயில் சேவை விலாசம் கேட்டது. குழுவில மூத்த அக்காட வீட்டு விலாசத்தைப் போடவா எண்டு கேட்டோம். அவ இழைச்சுக்கொண்டிருந்த ஓலையைக் கீழ வைச்சிட்டா.

“எங்கட பேரும் விலாசமும் எத்தின பேரிட்ட இரிக்குத் தெரியுமா மனே? சுனாமிக்கு எழுதினாங்க. அகதி முகாமில எழுதினாங்க. திரும்ப வந்து குடியேறேக்க எழுதினாங்க. பேர் எழுதினா ரெண்டில ஒண்டு நடக்கும். ஒண்டு, ஆரும் தேடிக்கொண்டு வீட்ட வருவாங்க. இல்லாட்டி ஒருத்தரும் வரமாட்டாங்க.”

எங்களுக்கு முகத்தில அடிச்ச மாதிரி இருந்தது. நாங்கள் செய்ததும் அந்த ரெண்டாவதைத்தானே. 63 பேரிட்டப் பேர் வாங்கி, நன்றி சொல்லி, ஒருத்தரையும் திரும்பிப் பார்க்கல்ல. வாகரைப் பக்கம் நிவாரணம் எழுத வந்தவங்களை நாங்கள் எவ்வளவு ஏசியிருப்போம்! கடிதத்தில அவட வீட்டு விலாசத்தைப் போடல்ல. தபால்பெட்டி ஒண்டு வாடகைக்கு எடுத்தோம்.

நீங்களும் கடைக்கோ, வாசிகசாலைக்கோ, விளையாட்டுக் கழகத்துக்கோ இப்பிடி ஒரு படிவம் வைச்சிருந்தால், இண்டைக்கே தெரியாத ஆள் மாதிரிப் போய் உங்கட பேரைக் குடுத்துப் பாருங்க. உறுதிப்படுத்தச் சொல்லி ஈமெயில் வருதா, ஸ்பாமுக்குள்ள விழுதா, பட்டியலில பேர் ஏறுதா, ‘விலகுறன்’ எண்டு அமத்தினால் உண்மையா விலகுதா எண்டு பாருங்க. நாங்கள் முதலாம் திகதியில முதலாம் திகதி பார்க்கிறோம். மூத்த அக்கா தன்ட போனில தானே பேர் அடிப்பா. கடிதம் வந்து சேருமட்டும் போனைக் கீழ வைக்கமாட்டா.

குவைத்துக்குப் போன அக்காட்ட நடந்ததைச் சொன்னோம். கனநேரம் கதைக்கல்ல. பிறகு, “அப்ப கேட்ட ஆக்கள் இருந்திருக்காங்க, என்ன?” எண்டு மட்டும் கேட்டா. அவட ஒப்பந்தம் ரெண்டு வருசம். போன மாசக் கடிதம் போன அண்டைக்கு ராத்திரி அவட்ட இருந்து ஒரு குரல்பதிவு வந்தது. படிவத்தில அவவும் பேர் குடுத்திருக்கிறா, எங்களுக்குத் தெரியாது.

“அந்தச் சிவப்புப் பெட்டிக்கு ஆர் சாயம் போட்ட? காணாது. இன்னொருக்காப் போடச் சொல்லுங்க.”