ஐந்து மணிக்கே விடிகிற ஊரில் பூபாளம்

வருஷா வருஷம் மே மாதப் பிற்பாதியில் நம் பத்திரிகைகளில் அந்தமான் ஒரு தடவை தலைகாட்டும். ‘அந்தமானில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது’ என்று அரைப் பத்திச் செய்தி. அதோடு அடுத்த மே வரை மறந்துவிடுவோம். அந்தச் செய்தி வந்த அன்று போர்ட் பிளேரில் வேலை பார்க்கும் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தேன். “மழை கிடக்கட்டும், வைகாசி முகூர்த்தம் முடியறதுக்குள்ள கிளம்பி வா. ரங்கத்துல ஒரு நாயனக்காரர் இருக்கார். இந்த ஈரத்துல எப்படிக் கல்யாணம் வாசிக்கிறார்னு பார்க்கணும் நீ” என்றார். விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு ஒரு நாள் யோசித்தேன். பிறகு கிளம்பிவிட்டேன்.

போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பேருந்தில் யாரும் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. அங்கிருந்து ரங்கத் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஜாரவா மக்களின் காட்டு வழியே காவலோடு அனுப்புகிறார்கள். நடுவில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பேருந்தே படகேறிக் கடலைக் கடந்தது. எனக்கு முன் இருக்கையில், ஜன்னலோரம், பழைய ஜமக்காளத்தில் சுற்றிய தவில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்கும் டிக்கெட் எடுத்திருந்தார் பக்கத்தில் இருந்த இளைஞர். நான் போகிற கல்யாணத்துக்குத்தான் அவரும் வாசிக்கப் போகிறார் என்பது பாராடாங் டீக்கடையில் தெரிந்தது.

ரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைக் கேட்டால் யாரோ ராமாயணத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு வரைபடம் போட்டதுபோல இருக்கும். தசரத்பூர், ஜனக்பூர், ஊர்மிளாபூர், பஞ்சவடி, பர்ணசாலா, சபரி. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்திய பகுதி இது. ராஞ்சிக்காரர்கள், தெலுங்கர், மலையாளிகள், நம்மவர்கள் எல்லோரும் கலந்து வாழ்கிறார்கள். கடைத்தெருவில் பேச்சு இந்தியில். பெண் வீடு ஜனக்பூர். மாப்பிள்ளை தசரத்பூர் என்றிருந்தால் இதை எழுதவே கூசியிருப்பேன். நல்லவேளை, அவர் பகுல்தலா.

நாயனக்காரர் வீடு சபரியில். சொந்த ஊர் கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமம். அறுபத்தெட்டு வயது. பங்குனி உத்திரத்துக்கு வாசிக்க ஒரு செட்டோடு கப்பலேறி வந்தபோது பத்தொன்பது. மூன்று நாள் பயணம் முழுக்க வாந்தி. திருவிழா முடிந்து திரும்பும் கப்பலுக்கு இருபது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து.

“கப்பல் வந்துச்சு தம்பி. அவங்க ஏறினாங்க. நான் ஏறலை.”

“ஏன் ஐயா?”

“மறுபடி மூணு நாள் வாந்தி எடுக்கணுமே.”

அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் சிரிப்புக் கேட்டது. அந்த மூன்று கல்யாணத்தில் ஒன்று அந்த அம்மாவின் அக்காவுடையது. காரணம் எனக்கு விளங்கிவிட்டது.

பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ரோடு வேலையில் டி.ஆர்.எம். தினக்கூலி மஸ்தூருக்கு இங்கே எல்லோரும் சொல்வது அந்த மூன்றெழுத்துத்தான். பகலில் தாரும் ஜல்லியும், முகூர்த்த நாளில் நாயனம். விரல் நுனி காய்த்துப்போனால் துளையைப் பாதி மூடிப் பாதி திறக்கிற நுணுக்கம் போய்விடும். கமகம் அங்கேதான் இருக்கிறது. ராத்திரி தேங்காய் எண்ணெயில் விரலை ஊறவைத்துக்கொண்டே சாதகத்தை வாயால் பாடிப் பார்ப்பாராம். விரலை நீட்டிக் காட்டினார். நகத்தடியில் ஒரு கறுப்புக் கோடு, இன்னும் போகவில்லை.

அவருடைய நாயனம் நரசிங்கம்பேட்டையில் செய்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்து உத்தரத்தில் கடைந்தெடுப்பார்கள். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. நூறு வருஷம் காய்ந்த மரம், அந்தமான் மழை அதை ஒன்றும் செய்யாது. கவலையெல்லாம் சீவளி. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, தட்டையான நாணல் துண்டு. கெண்டையில் செருகி, எச்சிலில் ஊறவைத்து, இரண்டு இதழுக்கும் நடுவே காற்று நுழைந்தால் நாதம். இந்த உப்புக் காற்றில் அது சீக்கிரமே தளர்ந்துவிடுகிறது. திருவாவடுதுறைப் பக்கமிருந்து யாராவது தெரிந்தவர் பெட்டியில்தான் வர வேண்டும். பத்து வந்தால் இரண்டு பேசும். மற்றதெல்லாம், அவர் வார்த்தையில், “கத்தும்.”

பேசுகிற இரண்டையும் மாத்திரை டப்பாவில் ஒரு பிடி பச்சரிசிக்குள் புதைத்து வைத்திருந்தார். ஈரத்தை அரிசி குடித்துவிடுமாம். டப்பாவைத் திறந்து, அரிசியை விலக்கி, ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இதழ்களுக்கு நடுவே தலைமயிர் அளவுக்கு ஒரு கீற்று தெரிந்தது. “இந்தச் சந்துதான் சோறு போடுது” என்று மறுபடியும் அரிசிக்குள் வைத்து மூடினார்.

முதல்நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. அதற்கு முன்பே பெண்ணின் அத்தை மகள் வாட்ஸ்அப்பில் பாட்டுப் பட்டியல் அனுப்பியிருந்தாள். இருபத்திரண்டு பாட்டு. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ‘பாசமலர்’ படத்து ‘வாராயென் தோழி’ (1961), ‘சாரதா’ படத்து ‘மணமகளே மருமகளே’ (1962), ‘தேவர் மகன்’ படத்து ‘மணமகளே மணமகளே’ (1992). அப்புறம் எனக்கே தெரியாத எட்டுப் புதுப் பாட்டு, நாலு இந்தி.

“என்ன பாட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி. எப்போன்னு ஒருத்தரும் சொல்றதில்லை.”

எப்போது என்பதில்தான் அவர் வித்தையே இருக்கிறது. நம் ஊரில் வைகாசியில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் எட்டிப் பார்க்கும். ரங்கத் சென்னைக்குப் பன்னிரண்டரை பாகைக்கும் மேல் கிழக்கே இருக்கிறது. கடிகாரம் மட்டும் ஒன்று. ஆகவே இங்கே ஐந்து அடிக்குமுன்பே விடிந்துவிடுகிறது. ஐயர் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு லக்னத்திலும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் கழிக்கிறார். பஞ்சாங்கத்தில் ஏழு மணிக்கு மேல் பிறக்கிற மிதுன லக்னம் ரங்கத்தில் ஆறேகாலுக்கு முன்பே பிறந்துவிடும். லக்னத்துக்குக் கழித்தால் ராகத்துக்கும் கழிக்க வேண்டாமா?

“ஆறு மணிக்குப் பூபாளம் வாசிச்சா நம்ம ஊர்ல சரி. இங்க ஆறு மணிக்கு முதுகு சுடும். பூபாளம், பௌளி எல்லாம் நாலரைக்கே முடிச்சிடணும். முகூர்த்தத்துக்குள்ள பிலஹரிக்கு வந்துடுவேன்.”

நாலரைக்குப் பூபாளம் கேட்க மண்டபத்தில் யார் இருப்பார்கள்? இட்லிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்த சமையல்காரர், வாழைமரம் கட்டிய பையன், நான். அன்று பூபாளம் கேட்டவர்கள் மூன்று பேர்.

பந்தக்கால் முதல் காசியாத்திரை வரையிலான சடங்குகளை நான் ஒழுங்காகக் கவனிக்கவில்லை. பாதி நேரம் தூணில் சாய்ந்து தூங்கினேன். விழித்தபோது மழை. தவில்காரர் ஸ்பேனரை எடுத்து வளையத்துப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டிருந்தார். வார் இழுத்துக் கட்டிய அந்தக் காலத்துத் தவிலாக இருந்தால் நெருப்புக் காட்ட வேண்டியிருக்கும் என்றார். துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த விரல் கூடுகளை இடுப்பு மடிப்பில் செருகி வைத்திருந்தார், நனைந்தால் இளகிவிடும் என்று.

பெரியவர் கண் மூன்று இடத்தில் மாறிமாறிப் போய்வந்தது: ஐயர் கை, மணப்பெண் அறைக் கதவு, சமையல்கட்டு. அலங்காரம் முடியவில்லை என்றால் கல்யாணியை இழுப்பார். கதவு திறந்தால் இரண்டு வரியில் முடித்துக்கொண்டு பாட்டுக்குத் தாவுவார். மாலை மாற்றும்போது தியாகராஜரின் ‘சீதா கல்யாண வைபோகமே’, குறிஞ்சியில். ஜனக்பூர்ப் பெண்ணுக்கு வேறெதை வாசிப்பது? அத்தை மகளின் பட்டியலில் அது இல்லை. அவளும் தேடவில்லை.

தாலி கட்டுகிற நேரம். ஐயர் விரலை உயர்த்த, தவில் வெடித்தது. தும்மல், அபசொல் எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம். இரண்டாவது முடிச்சில் வீடியோக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார், லென்ஸில் மழைத்துளியாம். மாப்பிள்ளை தாலிச்சரட்டைப் பிடித்தபடியே நின்றார். கெட்டிமேளத்தை நிறுத்த முடியாதே. லென்ஸைத் துடைத்து முடிக்கும்வரை அந்த அறுபத்தெட்டு வயது மார்பு ஊதிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் முட்டி. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாக்கள் வாயில் கைவைத்து ‘உலு’ ஒலி எழுப்பினார்கள். நாயனத்துக்கும் உலுவுக்கும் சுருதி சேரவில்லை. ஆனாலும் எனக்குப் புல்லரித்தது.

பந்தி முடிந்தபின் கூலி விஷயத்துக்கு வந்தோம். முன்பெல்லாம் பெண் வீட்டார் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். இப்போது மேடை, பூ, சாப்பாடு, வீடியோ, மேளம் எல்லாம் ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அவருடைய ரசீதை நானே பார்த்தேன். மேளம் கடைசி வரி, ஐஸ்கிரீமுக்குக் கீழே. பெண்ணின் அப்பா கொடுத்த தொகைக்கும் பெரியவர் மடியில் விழுந்ததற்கும் நடுவே பாதிக்கு மேல் காணோம். அதில் நாயனம், தவில், தாளம், பேருந்துக் கட்டணம். தவிலுக்கு எடுத்த அந்த இருக்கை டிக்கெட்டும் இதில்தான். மொத்தக் குத்தகைக்காரர் ஒரு நாளாவது சீவளியைக் கையில் தொட்டிருப்பாரா? கல்யாணத்தில் பாட்டுப் போட்டால் ராயல்டி கேட்கக் கூடாது என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு அதை மறுபடியும் நினைவூட்டி அறிவிப்பே வெளியிட்டது. பாட்டைக் கல்யாண வீட்டுக்கு இலவசமாகக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. ஊதுகிறவனுக்குப் பேசிய காசைக் கையில் கொடு என்று கேட்க ஒரு நாதி இல்லை. நான் இப்படிக் கொதித்துக்கொண்டிருக்க, பெரியவர் பாயசத்தில் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“கத்தாதீங்க தம்பி. அடுத்த முகூர்த்தமும் அவர் கையிலதான்.”

சாயங்காலம் சபரிக்குத் திரும்பினோம். வழியில் ஒரு விஷயம் கேட்டேன்: கல்யாணத்தில் வாசிக்கவே கூடாதது எது? முகாரி என்றார் சட்டென்று. அழுகை ராகம் என்று பேராகிவிட்டது. அண்ணனும் தங்கையும் செத்துப்போகிற ‘பாசமலர்’ பாட்டை எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள், முகாரி என்றால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள் என்றேன். அவர் சிரித்தார். “சபரியோட பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன்னு தியாகராஜ சுவாமி பூரிச்சுப் போறாரே, அது எதுல? முகாரிலதான். நான் சபரியிலேயே இருக்கேன். ஒரு கல்யாணத்துலயும் வாசிக்க விட்டதில்லை.”

திண்ணையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். அரிசியைத் தட்டிவிட்டுச் சீவளியைப் பொருத்தினார். ஐந்தரை மணி, பாக்குத் தோப்புக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. முகாரி மெல்ல எழுந்தது. அழுகையாக இல்லை, வந்த விருந்தாளியை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

“விளக்கு வைக்கிற நேரத்துல என்ன அது?” உள்ளிருந்து குரல் வந்தது.

ஒரு கணம்கூட விடாமல், அதே மூச்சில், ‘மணமகளே மருமகளே’க்கு மாறினார்.