சுத்தியல் விழாத ஏலம்

கார்ல்ஸ்ரூஹே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். இணைய ஏலத்தில் நீ வாங்கிய லென்ஸுக்குள் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருப்பது எனக்கே தெரிகிறது. அதைவிட எரிச்சல், விற்ற கடைக்காரர் எழுதிய பதில்: ஏலத்தில் போன பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லையாம். நீயும் அதை நம்பி, 180 யூரோ போனது போனதுதான் என்கிறாய். போகவில்லை. அந்தப் பேச்சு இந்த நாட்டில் எடுபடாமல் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அதுவும் எங்கள் ஊரில் தீர்ந்த விஷயம். சிவில் வழக்குகளுக்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் இங்கேதானே இருக்கிறது. 2004 நவம்பரில் அங்கே ஒரு வைரக் கைச்சங்கிலி வழக்கு வந்தது. நகை வியாபாரி ஒருவர் ஈபேயில் ஏலத்துக்கு விட்டதை ஒருவர் 252 யூரோ 51 சென்டுக்கு எடுத்துவிட்டு, பிறகு வேண்டாம் என்றார். வியாபாரி பணம் கேட்டு வழக்குப் போட்டார். ஏலத்தில் எடுத்ததைத் திருப்பித் தர முடியாது என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது என்பது அவர் கட்சி. விலக்கு இருந்தது உண்மைதான். ஆனால் எந்த ஏலத்துக்கு? நம் ஊர்க் கோயிலில் வாழைத்தாரை ஏலம் விடும்போது, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று ஒருவர் கூவி முடித்தால்தானே பேரம் முடிகிறது? ஜெர்மன் சிவில் சட்டத்தின் 156ஆம் பிரிவும் அப்படித்தான். சுத்தியல் விழுந்தால் ஒப்பந்தம். இணையத்தில் கூவுகிறவரும் இல்லை, சுத்தியலும் இல்லை. நேரம் முடியும்போது யார் அதிகம் கேட்டிருக்கிறாரோ அவருக்கே தருகிறேன் என்று விற்பவர் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார். ஆகவே அந்தப் பிரிவு சொல்லும் ஏலம் இது அல்ல, தூரத்தில் இருந்து பொருள் வாங்குகிற இன்னொரு விற்பனைதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வியாபாரி தோற்றார். இப்போதைய சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது: வாங்குபவர் நேரில் போய் உட்கார இடமிருக்கும் பொது ஏலத்துக்கு மட்டும்தான் விலக்கு.

அதனால் ஏலமா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. விற்றது யார் என்று பார். உன்னுடையவர் வியாபாரி, பக்கத்திலேயே கடை முகவரியும் வரி எண்ணும் போட்டிருக்கிறார். தனிநபராக விற்றிருந்தால் உனக்கு இப்படித் திருப்பித் தரும் உரிமை இல்லை. சில பேர் தனிநபர் என்று போட்டுக்கொண்டு மாதாமாதம் புதுப் பெட்டியாக விற்பார்கள். அவர்கள் என்ன எழுதிக்கொண்டாலும், நீதிமன்றம் அவர்கள் செய்யும் வியாபாரத்தைத்தான் பார்க்கும்.

இனி வேலை. பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாள் உனக்கு உண்டு. அதற்குள் ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன் என்று தெளிவாக எழுதி அனுப்பு. விலகலுக்கான ஜெர்மன் சொல், விடர்ரூஃப், அதில் இருக்கட்டும். ஒன்றும் எழுதாமல் பார்சலை மட்டும் திருப்பி அனுப்பினால் போதாது. பூஞ்சைப் பேச்சையே எடுக்காதே. விலகுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு அவர் வாதாட ஆரம்பிப்பார். எழுதிய பிறகு பார்சலை அனுப்ப இன்னும் 14 நாள் உண்டு. அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வை. நீ முதலில் கட்டிய சாதாரண அனுப்புச் செலவையும் சேர்த்து அவர் தர வேண்டும். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உன் தலையில் விழலாம். அதையும் அவர் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இந்த உரிமையைப் பற்றியே அவர் உனக்குத் தெரிவிக்கவில்லை என்றால், 14 நாளோடு இன்னும் 12 மாதம் கூடும். திரும்ப எடுப்பதில்லை என்று எழுதுகிற ஆள் அதைச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தை எதற்கும் ஒரு தரம் படித்துப் பார். கேமராவில் மாட்டி நாலு படம் எடுத்துப் பார்த்தது தப்பில்லை, கடையிலும் அதைத்தான் செய்வாய். ஷ்வார்ட்ஸ்வால்டு காட்டுக்கு ஒரு வாரம் எடுத்துப் போயிருந்தால் தேய்மானத்தைக் கழிக்கலாம்.

தனிநபரிடம் வாங்கினாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. உத்தரவாதம் கிடையாது என்ற வரியைப் போட அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் 2006இல் ஒரு மோட்டார் சைக்கிள் வழக்கில், 30,000 கிலோமீட்டர் ஓடியது என்று போட்டிருந்தது; அந்த மீட்டரோ மைலில் ஓடுவது. எழுதிக் கொடுத்த தரம் இல்லாவிட்டால் அந்த வரி விற்றவரைக் காப்பாற்றாது என்று தீர்ப்பு. ஆகவே விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வைக்காமல் எதையும் ஏலம் கேட்காதே.

உன் மாமாவுக்குப் பிடித்த வழக்கு வேறு. ஒருவர் பழைய பஸாட் காரை ஒரு யூரோவில் ஏலத்துக்கு விட்டார். வெளியே 4,200 யூரோ தர ஆள் கிடைத்ததும் ஏலத்தை நிறுத்திவிட்டார். அப்போது கேட்டிருந்தவர் ஒரே ஒருவர், அதுவும் ஒரு யூரோவுக்கு. கார் 5,250 யூரோ பெறும் என்று சொல்லி மீதி 5,249 யூரோவைக் கேட்டார், 2014இல் ஜெயித்தார். 2016இல் வந்தது இன்னும் வேடிக்கை. கோல்ஃப் காரை விற்றவர் இன்னொரு கணக்கில் தானே புகுந்து விலையை ஏற்றிவிட்டார். அவருடைய ஏலக் கேள்வியையெல்லாம் நீதிமன்றம் கழித்துப் போட்டது. எதிராளி ஒன்றரை யூரோவுக்கு எடுத்ததாக ஆனது. கிட்டத்தட்ட 16,500 யூரோ நஷ்டஈடு! மாமா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை, இதே கண்டிப்பு கேட்கிறவன் மேலும் விழும். ராத்திரி விளையாட்டாகக் கேட்டுவிட்டு, விற்பவர் தனிநபர் என்றால், காலையில் வேண்டாம் என்று சொல்ல உனக்கு வழியில்லை.

கடைக்காரர் இதற்கும் அசையவில்லை என்றால், நீ இருக்கும் ஸ்டுட்கார்ட்டிலேயே நுகர்வோர் ஆலோசனை மையம் இருக்கிறது. கொஞ்சம் கட்டணம் வாங்குவார்கள், ஆனால் பேசத் தெரிந்தவர்கள். கடிதத்தை இன்று இரவே எழுதி, அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு. உன் ஜெர்மனை நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். அம்மாவிடம் லென்ஸ் விலையை ரூபாயில் சொல்லித் தொலைக்காதே.

அன்புடன்,
அக்கா