எல்புக்கு மனுவல் கியர்

பேசாலைப் பக்கம் மீன் ஏற்றுற பழைய இசுசு எல்ப் லொறிகளில் சிலது ‘ஸ்மூதர்’ கியர். கிளச் பெடல் இல்லை. எண்ணெய்க்குள் ஓடும் கிளச்சை ஒரு கணினிப் பெட்டி இயக்கும். கொழும்பில் பரவாயில்லை. ஐஸ் தண்ணியும் உப்புக்காற்றும் வயர் நுனிகளைப் பச்சை பூக்க வைக்கிற மன்னாரில் அது சரிவராது. ராத்திரியில் மதவாச்சி றோட்டில் கியர் விழாமல் நின்றால் மீன் முழுக்க நட்டம்.

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திறந்ததுதான். ஆனா வரியோடு புது லொறி விலையைக் கேட்டால் பழசே போதும் என்றாகிவிடும். அதனால மனுவலுக்கு மாற்றுறது நியாயம்தான்.

கியர் பொக்ஸை மட்டும் வாங்கிப் பூட்டலாம் என்று நினைக்காதீங்க. ஸ்மூதரில் எஞ்சினுக்குப் பின்னால் ஃபுளூயிட் கப்ளிங் இருக்கும். அதைக் கழற்றி மனுவல் பிளைவீல் போடணும். பெல் ஹவுசிங், கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங், பெடல், கிளச்சின் இரண்டு சிலிண்டர், சிலவேளை புரொப்பெல்லர் சாப்டின் நீளமும் மாறும். கடைசியில் வயரிங். நியூட்ரல் சிக்னல் போகாட்டி ஸ்டார்ட்டரே சுத்தாது. (இரும்பு வேலை தெரிஞ்ச பாஸ் எல்லாருக்கும் இது தெரியாது.)

பழைய பாகம் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போறவங்க, ஒரே லொறியில் கழற்றின முழு செட்டாகக் கேட்டு வாங்குங்க.